போஸ்ட்மேனில் வருகிறது, பிரவுசரில் வரவில்லை: கார்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. வெப் சர்வீஸ் எழுதியாகிவிட்டது, வேறு முகவரியில் இருக்கும் பக்கத்திலிருந்து அழைத்தால் பிரவுசர் தடுக்கிறது, என்ன செய்வது? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கார்ஸ் (கிராஸ்-ஆரிஜின் ரிசோர்ஸ் ஷேரிங்) என்பது, வேறு முகவரியில் இருக்கும் பக்கம் தன் பதிலைப் படிக்கலாம் என்று சர்வர் பிரவுசரிடம் ஹெடர் வழியாகச் சொல்லும் முறை. ஹெடர் என்பது அழைப்போடும் பதிலோடும் கூடவே போகும் குறிப்பு வரி. ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஆரிஜின் ஒன்றைத் தவிர கார்ஸ் ஹெடர் பெயர்கள் எல்லாமே 'அக்செஸ்-கன்ட்ரோல்' என்றுதான் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் அதை எழுதினால் படிக்கிறவருக்குக் கண் வலிக்கும். 'அலவ்-ஆரிஜின்' என்று நான் எழுதினால் அந்த இரண்டு சொற்களும் முன்னால் இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெர்சி வைத்து ஜாக்ஸ்-ஆர்எஸ் (ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுதுவதற்கான தரநிலை, ஜெர்சி அதன் ஒரு செயலாக்கம்) சர்வீஸ் ஒன்று எழுதியிருக்கிறேன், லோக்கல்ஹோஸ்ட் 8080-இல் ஓடுகிறது. ரியாக்ட் பக்கம் 3000-இல். போஸ்ட்மேனில் (அழைப்புகளைக் கையால் அனுப்பிப் பார்க்கும் கருவி) எல்லாம் சரியாக வருகிறது, பிரவுசரில் கார்ஸ் எரர். இணையத்தில் பார்த்து, பதிலில் அலவ்-ஆரிஜின் ஹெடரும் அதில் நட்சத்திரக் குறியும் போட்டேன். கெட் (தரவைப் படிக்க) வேலை செய்தது. புட் (தரவை மாற்றி எழுத) மட்டும் 401 என்று விழுகிறது. நான் யார் என்று காட்டும் டோக்கனை ஆத்தரைசேஷன் ஹெடரில் சரியாகத்தான் அனுப்புகிறேன். எங்கே தப்பு?

பதில்: உங்கள் டோக்கனில் ஒரு தப்பும் இல்லை. அந்த 401 உங்கள் புட் அழைப்புக்கு வந்த பதிலே அல்ல. புட் இன்னும் பிரவுசரை விட்டுக் கிளம்பவேயில்லை.

டெவலப்பர் டூல்ஸைத் திறந்து நெட்வொர்க் டேபுக்குப் போங்கள். புட் வரிக்குப் பக்கத்தில் அதே முகவரிக்கு ஆப்ஷன்ஸ் என்று இன்னொரு வரி இருக்கும், 401 அதில்தான் இருக்கும். இதைத்தான் பிரீஃபிளைட் என்கிறார்கள். ஒரு முகவரியின் ஆரிஜின் என்பது மூன்று துண்டு சேர்ந்தது: ஹெச்டிடிபியா ஹெச்டிடிபிஎஸ்ஸா என்பது, ஹோஸ்ட் பெயர், போர்ட் எண். மூன்றில் ஒன்று மாறினாலும் அது வேறு ஆரிஜின்தான். உங்கள் பக்கம் 3000, சர்வீஸ் 8080. இரண்டும் ஒரே லேப்டாப்பில் ஓடுவதைப் பிரவுசர் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. போஸ்ட்மேன் எந்தத் தளத்தின் ஸ்கிரிப்டையும் ஓட்டுவதில்லை, நீங்களே உட்கார்ந்து அனுப்புகிறீர்கள், அதனால் அதற்கு இந்த விதியே கிடையாது. ஆக, போஸ்ட்மேனில் வருவதை வைத்து சர்வர் கார்ஸ் விஷயத்தில் சரியாக இருக்கிறதா என்று ஒன்றும் சொல்ல முடியாது.

அந்த ஆப்ஷன்ஸ் வரியைக் கிளிக் செய்து உள்ளே பாருங்கள். ஆரிஜின் என்ற ஹெடரில் உங்கள் 3000 முகவரி இருக்கும். ரிக்வெஸ்ட்-மெத்தட் என்பதில் புட். ரிக்வெஸ்ட்-ஹெடர்ஸ் என்பதில் ஆத்தரைசேஷன், கன்டென்ட்-டைப் என்று இரண்டு பெயர்கள், சின்ன எழுத்தில், நடுவில் ஒரு காற்புள்ளி. ஆத்தரைசேஷன் என்ற பெயர் மட்டும்தான் அங்கே இருக்கிறது, டோக்கன் இல்லை. "இப்படி ஒரு ஹெடரோடு புட் அனுப்பலாமா?" என்று பிரவுசர் கேட்கிற கேள்வி அது. கேள்வி கேட்கும்போது டோக்கனையும் அனுப்பாது, குக்கீயையும் அனுப்பாது. அழைப்பது யார் என்று சரிபார்க்கும் உங்கள் ஆத்தன்டிகேஷன் ஃபில்டர் என்ன செய்கிறது? டோக்கன் இல்லாத அழைப்பு ஒன்று வந்திருக்கிறது, 401 என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. பிரீஃபிளைட்டுக்கு 200-இலிருந்து 299-க்குள் பதில் வராவிட்டால் பிரவுசர் அங்கேயே நிறுத்திக்கொள்ளும். கெட் ஏன் வேலை செய்தது என்றால், அதில் நீங்கள் டோக்கன் அனுப்பியிருக்க மாட்டீர்கள். சாதாரண கெட்டுக்குப் பிரீஃபிளைட்டே கிடையாது.

சரி, ஜாக்ஸ்-ஆர்எஸ்ஸில் இதைச் சரிசெய்யும் வழி. ஒரே கிளாஸ் எழுதுங்கள், அது கன்டெய்னர்-ரிக்வெஸ்ட்-ஃபில்டர், கன்டெய்னர்-ரெஸ்பான்ஸ்-ஃபில்டர் இரண்டையும் செயல்படுத்தட்டும். மேலே ப்ரொவைடர், ப்ரீ-மேட்சிங், ப்ரயாரிட்டி ஆகிய மூன்று அனோட்டேஷன்கள். ப்ரீ-மேட்சிங் போட்டால்தான், இந்த முகவரிக்கு எந்த மெத்தட் என்று ஜெர்சி தேடத் தொடங்கும் முன்பே உங்கள் ஃபில்டர் ஓடும். ப்ரயாரிட்டியை 1000-க்குக் குறைவாக வையுங்கள், 500 என்று வைத்துக்கொள்ளலாம். ஆத்தன்டிகேஷனுக்கு என்று ஜாக்ஸ்-ஆர்எஸ் ஒதுக்கியிருக்கும் எண் 1000, எண் சின்னதாக இருந்தால் முதலில் ஓடும். ரிக்வெஸ்ட் பக்கத்தில் மூன்று விஷயம் பாருங்கள்: மெத்தட் ஆப்ஷன்ஸா, ஆரிஜின் ஹெடர் இருக்கிறதா, ரிக்வெஸ்ட்-மெத்தட் ஹெடர் இருக்கிறதா. மூன்றும் இருந்தால் அது பிரீஃபிளைட், 'அபார்ட்-வித்' கூப்பிட்டு 204 கொடுத்து அங்கேயே முடித்துவிடுங்கள். அப்படி முடித்தாலும் ரெஸ்பான்ஸ் ஃபில்டர் ஓடும், அதனால் ஹெடர் போடும் வேலை எல்லாவற்றையும் அங்கே வைத்துக்கொள்ளலாம். நட்சத்திரத்துக்குப் பதில் உங்கள் 3000 முகவரியையே எழுதுங்கள், மெத்தட்களின் பட்டியலைக் கொடுங்கள், அலவ்-ஹெடர்ஸில் ஆத்தரைசேஷன் என்ற பெயரைக் கட்டாயம் தனியாக எழுதுங்கள். அலவ்-ஹெடர்ஸில் நட்சத்திரம் போட்டால் மற்ற எல்லா ஹெடரும் அதில் அடங்கும், ஆத்தரைசேஷன் மட்டும் அடங்காது.

ஒரு எச்சரிக்கை. ஜாக்ஸ்-ஆர்எஸ் தானாகவே ஆப்ஷன்ஸுக்குப் பதில் சொல்லும், அதில் வெறும் 'அலவ்' என்று ஒரு ஹெடர் வரும். அதைப் பார்த்துவிட்டு "புட் அனுமதி இருக்கிறதே" என்று நம்பி மணிக்கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும். அது பழைய ஹெச்டிடிபி ஹெடர், கார்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரவுசர் எதிர்பார்ப்பது அலவ்-மெத்தட்ஸ்.

இன்னொன்று, இது நாளைக்கே உங்களுக்கு வரும். கோடில் எங்கோ ஒரு நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். அதற்கு எக்ஸெப்ஷன் மேப்பர் (எக்ஸெப்ஷனைப் பதிலாக மாற்றும் கிளாஸ்) இல்லையென்றால் அது ஜெர்சியைத் தாண்டி வெளியே, அதை ஓட்டும் டாம்கேட் சர்வர் வரை போய்விடும், உங்கள் ரெஸ்பான்ஸ் ஃபில்டர் ஓடாது, 500 பதிலில் கார்ஸ் ஹெடர் இருக்காது, கன்சோலில் கார்ஸ் எரர் என்றே காட்டும். உண்மையான தப்பு டேட்டாபேஸ் பக்கம் இருக்கும், நீங்கள் கார்ஸ் ஃபில்டரைத் துருவிக்கொண்டிருப்பீர்கள். அதனால் த்ரோவபிள் வகைக்கு ஒரு மேப்பர் எழுதிவிடுங்கள். ஆனால் அந்த மேப்பருக்குள் வெப்-அப்ளிகேஷன்-எக்ஸெப்ஷன் வந்தால் அதனிடம் இருக்கும் பதிலையே திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் 404-ம் 405-ம் எல்லாம் 500 ஆகிவிடும்.

கேள்வி: சர்வரும் என்னுடையது, பக்கமும் என்னுடையது. நடுவில் பிரவுசர் ஏன் இப்படிப் படுத்துகிறது? யாருக்கு லாபம்?

பதில்: பிரவுசரில் வேறு டேபில் மெயிலைத் திறந்து வைத்திருக்கும் ஒருவருக்கு லாபம். மெயில் தளத்தின் குக்கீ அந்தப் பிரவுசரில் இருக்கிறது, அந்தத் தளத்துக்கு எந்த அழைப்பு போனாலும் குக்கீ தானாகச் சேர்ந்து போகும் என்பதுதான் வெகுகாலம் இருந்த வழக்கம். இந்தத் தடை இல்லாவிட்டால், அவர் தெரியாமல் திறந்த ஏதோ ஒரு பக்கத்தின் ஸ்கிரிப்ட் அவருடைய இன்பாக்ஸை எடுத்துப் படித்துவிடும். 1995-இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2-இல் ஜாவாஸ்கிரிப்ட் வந்தபோதே ஒரு ஆரிஜினின் ஸ்கிரிப்ட் இன்னொரு ஆரிஜினைப் படிக்கக் கூடாது என்ற விதியும் கூடவே வந்துவிட்டது.

ஆனால் நியாயமான தேவைகளும் இருந்தன. 2005 வாக்கில் ஜேசன்-பி என்று ஒரு வழி பரவியது. ஸ்கிரிப்ட் டேகை எந்தத் தளத்திலிருந்தும் ஏற்றலாம் என்பதால், தரவையே ஒரு ஃபங்ஷன் அழைப்பாகச் சுற்றி ஸ்கிரிப்டாக அனுப்புவது. கெட் மட்டும்தான் முடியும், எதிர்த் தளம் என்ன கோட் அனுப்பினாலும் அது உங்கள் பக்கத்தில் ஓடும். அதை இன்றைக்கும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கார்ஸின் விதை 2004-இல், டெல்மி நெட்வொர்க்ஸ் பொறியாளர்கள் குரல்வழிச் செயலிகளுக்கான வாய்ஸ்-எக்ஸ்எம்எல்லுக்காக முன்வைத்த யோசனை. ஃபயர்ஃபாக்ஸ் 3.5 அதை 2009-இல் கொண்டுவந்தது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 தனக்கென்று எக்ஸ்-டொமைன்-ரிக்வெஸ்ட் என்று வேறொன்று வைத்திருந்து பதிப்பு 10-இல்தான் வழிக்கு வந்தது. வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2014 ஜனவரியில் பரிந்துரையாக வெளியிட்டது. இப்போது வாட்-டபிள்யூஜி என்ற இன்னொரு தரநிலைக் குழுவின் ஃபெட்ச் தரநிலைக்குள் இருக்கிறது, சந்தேகம் வந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் நிறையப் பேர் தவறவிடுவது ஒன்று உண்டு. பிரீஃபிளைட் இல்லாமல் போகும் அழைப்புகளின் பட்டியல் விசித்திரமாக இருக்கும்: கெட், ஹெட், போஸ்ட், அதிலும் கன்டென்ட்-டைப் மூன்று வகைதான், சாதா டெக்ஸ்ட், ஃபார்ம்-யூஆர்எல்-என்கோடட், மல்டிபார்ட். ஏன் இந்த மூன்று? ஏனென்றால் சாதாரண ஹெச்டிஎம்எல் ஃபார்ம் அந்த மூன்றைத்தான் அனுப்பும், அதுவும் கார்ஸ் வருவதற்கு முன்பிருந்தே எந்தத் தளத்துக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அதைப் புதிதாகத் தடுப்பதில் அர்த்தமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஃபார்மால் முடியாத புட், டெலீட், ஜேசன், சொந்த ஹெடர் ஆகியவற்றுக்கு மட்டும் முதலில் கேட்டுவிட்டு அனுப்பு என்று வைத்தார்கள். இது புரிந்துவிட்டால் இன்னொன்றும் புரியும்: ஃபார்ம் வகை போஸ்ட் ஒன்று வேறு தளத்திலிருந்து வந்தால் அது உங்கள் சர்வருக்கு வந்தே தீரும், கோட் ஓடும், டேட்டாபேஸில் வரி சேரும். பதிலைப் படிக்கத்தான் பிரவுசர் விடாது. அதனால் சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளம் பயனரின் பெயரில் போலி அழைப்பு அனுப்புவது) தடுப்பு வேறு, கார்ஸ் வேறு. கார்ஸ் இருக்கிறது என்று சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் சொந்தமாக ஒரு சிறிய வெப் சர்வீஸ் ஃபிரேம்வொர்க் வைத்திருக்கிறோம், ஜாவாவில், சர்வ்லெட்டுக்கு (வெப் அழைப்புகளைக் கையாளும் ஜாவா அடித்தளம்) மேல். அதில் கார்ஸ் ஆதரவு சேர்க்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. சர்வீஸ் எழுதுகிறவர்கள் அவரவர் ஹெடர் போட்டுக்கொள்ளட்டும் என்கிறார் எங்கள் சீனியர். அது போதுமா? இல்லையென்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: போதாது. உங்கள் சீனியரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: பிரீஃபிளைட் ஆப்ஷன்ஸில் வரும், சர்வீஸ் எழுதுகிறவர் யாரும் ஆப்ஷன்ஸுக்குக் கோட் எழுதுவதில்லை, அப்போது அதற்கு யார் பதில் சொல்வது? ஒரு முகவரியில் என்னென்ன மெத்தட் இருக்கிறது என்பது ஃபிரேம்வொர்க்கின் ரவுட்டருக்குத்தான் தெரியும். எரர் பதில்களிலும் ஹெடர் இருக்க வேண்டும், அது சர்வீஸ் எழுதுகிறவர் கையில் இல்லை. ஆகவே இது ஃபிரேம்வொர்க்கின் வேலை.

முதலில் இடம். கார்ஸ் ஃபில்டர் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்க வேண்டும், ஆத்தன்டிகேஷனுக்கும் முன்னால். சர்வ்லெட் ஃபில்டராக எழுதுகிறீர்கள் என்றால் 'செயின்-டூ-ஃபில்டர்' கூப்பிடுவதற்கு முன்பே ஹெடர்களைப் போட்டுவிடுங்கள். பின்னால் போட்டால், பெரிய பதில்களில் பஃபர் நிரம்பி ரெஸ்பான்ஸ் ஏற்கனவே கிளம்பிப் போயிருக்கும், உங்கள் ஹெடர் சத்தமில்லாமல் காணாமல் போகும். சின்ன பதில்களில் எல்லாம் சரியாக வரும், சோதனையில் தெரியவே தெரியாது, ஆயிரம் வரிசை உள்ள ரிப்போர்ட் கேட்கும்போதுதான் விழும்.

அப்புறம் இயல்புநிலை. ஒன்றும் அமைக்காவிட்டால் கார்ஸ் கிடையாது என்றிருக்கட்டும். "எளிதாக இருக்கட்டுமே" என்று எல்லோருக்கும் திறந்து வைக்கிற ஆசை வரும், வேண்டாம். டாம்கேட்டுடன் வரும் கார்ஸ் ஃபில்டரிலேயே இது நடந்தது. 7.0.41 பதிப்பு தொடங்கி, ஒன்றும் மாற்றாமல் அதைப் போட்டால் எல்லா ஆரிஜினுக்கும் குக்கீயோடு சேர்த்து அனுமதி கிடைக்கும்படி இயல்புநிலை இருந்தது. 2018-இல் அது சிவிஇ-2018-8014 என்ற எண்ணோடு பாதுகாப்புக் குறையாக அறிவிக்கப்பட்டு அதன் பிறகுதான் மாற்றினார்கள். அத்தனை பேர் பயன்படுத்துகிற ஃபில்டரிலேயே இப்படி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று பாருங்கள்.

அமைப்பு முறைக்கு ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கைப் பாருங்கள், அதன் வடிவம் எனக்குப் பிடிக்கும். 2015-இல் 4.2 பதிப்பில் கிராஸ்-ஆரிஜின் என்ற அனோட்டேஷன் வந்தது, கிளாஸுக்கும் போடலாம் மெத்தடுக்கும் போடலாம், மொத்தச் செயலிக்கும் ஓரிடத்தில் தனியாக அமைக்கவும் முடியும், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். நீங்கள் பின்பற்ற வேண்டியது அதன் உள்ளே இருக்கும் ஒரு நுணுக்கம்: பிரீஃபிளைட் வந்தால், ஆப்ஷன்ஸுக்கு யார் என்று தேடாமல், ரிக்வெஸ்ட்-மெத்தட் ஹெடரில் இருக்கும் மெத்தடை வைத்து, நாளை உண்மையான அழைப்பு வந்தால் அது எந்த மெத்தடில் போய் நிற்கும் என்று தேடி, அந்த மெத்தடின் கொள்கையை எடுக்கிறது. இதைச் செய்யாவிட்டால் ஒரே முகவரியில் கெட்டுக்கு ஒரு கொள்கை, டெலீட்டுக்கு ஒரு கொள்கை என்று வைக்கவே முடியாது.

ஆரிஜினை ஒப்பிடும் இடத்தில்தான் அதிகம் தப்பு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் டொமைன் கடை.காம் என்று வைத்துக்கொள்வோம். துணை டொமைன்கள் எல்லாவற்றையும் விட வேண்டும் என்று "கடை.காம் என்று முடிகிறதா" எனப் பார்த்தால், போலிகடை.காம் என்று ஒருவர் வாங்கி வைத்தால் அதுவும் உள்ளே வந்துவிடும். "ஹெச்டிடிபிஎஸ் கடை.காம் என்று தொடங்குகிறதா" என்று பார்த்தால் கடை.காம்.போலி.நெட் உள்ளே வரும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதிப் புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு (\) போட மறந்தாலும் இதே கதைதான். முழுச் சரத்தையும் அப்படியே ஒப்பிடுங்கள். துணை டொமைன் வேண்டுமென்றால் ஹோஸ்ட் பெயரைப் பிரித்தெடுத்து, முன்னால் உள்ள புள்ளியோடு சேர்த்துப் பாருங்கள். அமைப்பில் முகவரி எழுதுகிறவர்கள் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டுவிடுவார்கள், பிரவுசர் அனுப்பும் ஆரிஜினில் அது ஒருபோதும் இருக்காது, அதை நீங்களே வெட்டிவிடுங்கள், அல்லது செயலி தொடங்கும்போதே எரர் கொடுங்கள். 'நல்' என்ற சொல்லே ஆரிஜினாக வரும் சமயங்கள் உண்டு, கணினியில் நேரடியாகத் திறந்த ஹெச்டிஎம்எல் கோப்பு, சாண்ட்பாக்ஸ் போட்ட ஐஃபிரேம் என்று. அதை அனுமதிப் பட்டியலில் சேர்க்க விடாதீர்கள், சாண்ட்பாக்ஸ் ஐஃபிரேம் எந்தத் தளத்திலும் யாரும் வைக்கலாம்.

பட்டியலில் இல்லாத ஆரிஜின் வந்தால் என்ன செய்வது? ஸ்பிரிங் 403 கொடுக்கும். நான் ஹெடர் போடாமல் விட்டுவிடுவதே நல்லது என்பேன், பிரவுசர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காரணம் இருக்கிறது: அதே ஆரிஜினிலிருந்து வரும் போஸ்ட்டிலும் பிரவுசர் ஆரிஜின் ஹெடர் வைக்கும். அது வேற்று ஆரிஜினா இல்லையா என்று சர்வர் தன் முகவரியோடு ஒப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னால் ஒரு ப்ராக்ஸி (நடுவில் நின்று அழைப்பைக் கடத்தும் சர்வர்) ஹெச்டிடிபிஎஸ்ஸை அவிழ்த்து உள்ளே வெறும் ஹெச்டிடிபியாக அனுப்பினால், சர்வர் தன்னை ஹெச்டிடிபி என்று நினைத்துக்கொண்டு சொந்தப் பக்கத்தையே வெளி ஆளாக எண்ணி 403 கொடுத்துவிடும். ஃபார்வர்டட் ஹெடர்களைச் சரியாகப் படிக்க வைத்தால் இது சரியாகும், ஆனால் எல்லோரும் அதைச் செய்வதில்லை.

வேரி ஹெடரை மறக்காதீர்கள். ஆரிஜினுக்கு ஏற்றபடி பதில் ஹெடர் மாறுகிறது என்றால் 'வேரி: ஆரிஜின்' எல்லாப் பதிலிலும் போக வேண்டும், ஆரிஜின் ஹெடரே இல்லாமல் வந்த அழைப்பின் பதிலிலும். இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் கேஷ், முதல் தளத்துக்குக் கொடுத்த பதிலை எடுத்து இரண்டாம் தளத்துக்குக் கொடுக்கும். சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது, பக்கத்தைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். இந்த வகை எரரைக் கண்டுபிடிப்பது போலக் கொடுமை வேறில்லை.

எக்ஸ்போஸ்-ஹெடர்ஸுக்கும் அமைப்பில் இடம் கொடுங்கள். வேற்று ஆரிஜின் பதிலில் ஸ்கிரிப்டுக்குக் கண்ணில் படுவது ஏழு ஹெடர்கள்தான்: கேஷ்-கன்ட்ரோல், கன்டென்ட்-லாங்வேஜ், கன்டென்ட்-லெங்த், கன்டென்ட்-டைப், எக்ஸ்பயர்ஸ், லாஸ்ட்-மாடிஃபைட், பிராக்மா. 201 கொடுத்து லொகேஷன் ஹெடரில் புதிய முகவரியை அனுப்புகிறீர்கள், நெட்வொர்க் டேபில் தெரிகிறது, கோடில் எடுத்தால் நல். ஈடேக் ஹெடரும் அப்படித்தான். எக்ஸ்போஸ்-ஹெடர்ஸில் பெயர் எழுதினால்தான் கிடைக்கும்.

மேக்ஸ்-ஏஜ்: ஒன்றும் சொல்லாவிட்டால் பிரீஃபிளைட் பதிலைப் பிரவுசர் 5 விநாடிதான் நினைவில் வைக்கும். நீங்கள் எவ்வளவு பெரிய எண் கொடுத்தாலும் குரோம் 2 மணி நேரத்துக்கு மேல் ஏற்காது, ஃபயர்ஃபாக்ஸ் 24 மணி நேரம் வரை. உற்பத்திச் சூழலில் 7200 விநாடி வைத்துவிடலாம். சோதனைச் சூழலில் சின்ன எண்ணாக வையுங்கள், இல்லாவிட்டால் கொள்கையை மாற்றிய பிறகும் பழைய அனுமதியே ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் குழம்புவீர்கள்.

கடைசியாக, லாக். பிரவுசரில் ஸ்கிரிப்டுக்குக் காரணம் எதுவும் சொல்ல மாட்டார்கள், அது வேண்டுமென்றே செய்தது. சர்வர் பக்கத்தில் நீங்கள் சொல்லலாம். "இந்த ஆரிஜின் வந்தது, பட்டியலில் இல்லை" அல்லது "இந்த ஹெடர் கேட்டார்கள், அனுமதி இல்லை" என்று டீபக் நிலையில் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்துகிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

கேள்வி: லாகின் குக்கீ வழியாக. குக்கீயோடு அழைக்கலாம் என்று சொல்லும் அலவ்-கிரெடென்ஷியல்ஸ் ட்ரூ போட்டதும் நட்சத்திரம் கூடாது என்று பிரவுசர் சொல்கிறது. வருகிற ஆரிஜினை அப்படியே திருப்பி எழுதினேன், வேலை செய்கிறது. இதில் பிரச்சினை உண்டா?

பதில்: பெரிய பிரச்சினை. உடனே எடுத்துவிடுங்கள், இந்த இதழைப் படித்து முடிப்பதற்கு முன்பே. யார் கேட்டாலும் "நீ படிக்கலாம், குக்கீயோடு படிக்கலாம்" என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நட்சத்திரமும் குக்கீயும் சேரக் கூடாது என்று தரநிலை வைத்த தடையின் நோக்கமே இதைத் தடுப்பதுதான், நீங்கள் அதைச் சுற்றி வந்துவிட்டீர்கள். ஸ்பிரிங் 5.3-இல் இந்த இரண்டையும் சேர்த்து அமைத்தால் எரர் கொடுத்து நிறுத்திவிடும். உங்கள் பக்கங்களின் ஆரிஜின் பட்டியலை அமைப்பில் எழுதி, வந்தது பட்டியலில் இருந்தால் மட்டும் திருப்பி எழுதுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் குக்கீ போகவில்லை என்றால் பிரவுசர் பக்கம் பாருங்கள். ஃபெட்ச் அழைப்பில் கிரெடென்ஷியல்ஸ் 'இன்க்ளூட்' என்று இருக்க வேண்டும். குக்கீயில் சேம்-சைட் எதுவும் எழுதாவிட்டால் 2020-இல் வந்த குரோம் 80 முதல் அது லாக்ஸ் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது, வேறு தளத்திலிருந்து வரும் ஃபெட்ச்சில் போகாது. போக வேண்டுமென்றால் சேம்-சைட் 'நன்' என்றும் 'செக்யூர்' என்றும் இரண்டும் சேர்த்து எழுத வேண்டும். ஆனால் பக்கம் ஆப்.கடை.காம், சர்வீஸ் ஏபிஐ.கடை.காம், இரண்டும் ஹெச்டிடிபிஎஸ் என்றால் ஆரிஜின் வேறாக இருந்தாலும் சைட் ஒன்றுதான், லாக்ஸே போதும். முடிந்தால் அப்படி வைத்துக்கொள்ளுங்கள், பாதித் தலைவலி குறையும்.

கேள்வி: அலவ்-ஆரிஜினில் 'பல மதிப்புகள் இருக்கின்றன' என்று எரர். நான் ஒரு தடவைதான் எழுதினேன்.

பதில்: முன்னால் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ் இருக்கிறதா பாருங்கள். அதிலும் யாரோ எழுதியிருப்பார்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இதற்காக ஒரு நாள் முழுக்க ஜாவா கோடையே படித்துக்கொண்டிருந்தோம், கடைசியில் ப்ராக்ஸி அமைப்பில் இரண்டு வருடத்துக்கு முன் போட்ட ஒரு வரி. ஓரிடத்தில் மட்டும் வையுங்கள், என் பேச்சைக் கேட்டால் செயலியில். என்ஜின்எக்ஸில்தான் என்றால் 'ஆட்-ஹெடர்' வரியின் கடைசியில் 'ஆல்வேஸ்' சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் 400, 500 வகைப் பதில்களில் ஹெடர் போகாது.

கேள்வி: ஃபெட்ச்சில் மோட் 'நோ-கார்ஸ்' என்று போட்டதும் எரர் போய்விட்டது. ஆனால் பதில் காலியாக வருகிறது.

பதில்: அப்படித்தான் வரும். "எனக்குப் பதில் படிக்க வேண்டாம், அனுப்பினால் போதும்" என்று பிரவுசரிடம் சொல்லும் முறை அது. உங்களுக்குப் பதில் வேண்டும், எனவே அந்த வரியை எடுத்துவிட்டு சர்வரைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங்கில் கிராஸ்-ஆரிஜின் அனோட்டேஷன் போட்டு நன்றாக ஓடியது. ஸ்பிரிங் செக்யூரிட்டி சேர்த்ததும் நின்றுவிட்டது.

பதில்: முதல் கேள்வியில் இருந்த அதே கதை, செக்யூரிட்டி ஃபில்டர்கள் உங்கள் கன்ட்ரோலருக்கு வெகு முன்னால் ஓடுகின்றன, பிரீஃபிளைட் அங்கேயே 401 வாங்குகிறது. செக்யூரிட்டி அமைப்பிலேயே கார்ஸை இயக்கினால் அதன் ஃபில்டர் வரிசையில் கார்ஸ் முன்னால் வந்துவிடும். ஆப்ஷன்ஸ் எல்லாவற்றையும் 'பெர்மிட்-ஆல்' செய்துவிடு என்று சிலர் சொல்வார்கள், அது பிரீஃபிளைட்டை உள்ளே விடுமே தவிர, செக்யூரிட்டி கொடுக்கும் உண்மையான 401 பதிலில் கார்ஸ் ஹெடர் இருக்காது. டோக்கன் காலாவதியானதை உங்கள் பக்கத்தால் தெரிந்துகொள்ளவே முடியாது, வெறும் நெட்வொர்க் எரராகத்தான் தெரியும்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் பிரவுசரைத் திறந்து பார்க்காமல் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

பதில்: கமாண்ட் லைனிலிருந்து அழைப்பு அனுப்பும் கர்ல் போதும். பிரவுசர் அனுப்புவதை நீங்களே கையால் அனுப்புங்கள்: மெத்தட் ஆப்ஷன்ஸ், ஆரிஜின் ஹெடரில் உங்கள் பக்கத்தின் முகவரி, ரிக்வெஸ்ட்-மெத்தடில் புட், ரிக்வெஸ்ட்-ஹெடர்ஸில் ஆத்தரைசேஷன். பதில் ஹெடர்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கர்ல் எதையும் தடுக்காது, அனுமதி சரியா என்று நீங்கள்தான் கண்ணால் படிக்க வேண்டும். இதையே ஃபிரேம்வொர்க்கின் தானியங்கிச் சோதனைகளில் எழுதி வைத்துவிடலாம். நான் எழுதி வைத்திருப்பவை: பட்டியலில் உள்ள ஆரிஜின், இல்லாத ஆரிஜின், போலிகடை போல முடிவு மட்டும் பொருந்தும் ஆரிஜின், 'நல்', ஆரிஜினே இல்லாத அழைப்பு, டோக்கன் இல்லாமல் 401 வரும் அழைப்பு, வேண்டுமென்றே எக்ஸெப்ஷன் வீசும் அழைப்பு. கடைசி இரண்டிலும் ஹெடர் இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் குறைவு. அப்புறம் ஹெச்டிடிபி முகவரிக்கு ஒரு பிரீஃபிளைட் அனுப்பிப் பாருங்கள், உங்கள் சர்வர் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு 301 கொடுத்து அனுப்பிவைத்தால் பிரவுசர் பிரீஃபிளைட்டில் அதை ஏற்காது, உங்கள் பக்கத்தில் எழுதியிருக்கும் முகவரியையே ஹெச்டிடிபிஎஸ் என்று மாற்ற வேண்டியிருக்கும்.